சகாயிங் ஃபால்ட் 480 கிலோமீட்டர் கிழிஞ்சது எப்படி: பெரிய ஸ்ட்ரைக்-ஸ்லிப் பூகம்பத்த நொடி நொடியா புரிஞ்சுக்க ஒரு முழு வழிகாட்டி

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மியான்மர்ல மதியம் 12:50 வாக்குல மாண்டலே பக்கத்துல 7.7 அளவு பூகம்பம். தாஸிங்கற ஊர் பக்கத்துல ஒரு சோலார் பிளான்ட் வாசல்ல மாட்டியிருந்த சிசிடிவி கேமரா, அதுவரைக்கும் யாரும் கண்ணால தெளிவா பாத்திராத ஒண்ண படம் புடிச்சிடுச்சு. கேட் ஆடுது, சில நொடி கழிச்சு தரையில ஒரு கோடு ஓடுது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற நிலம் மொத்தமும் செடி கொடியோட அப்படியே வழுக்கிட்டுப் போகுது. கேமரா ட்ரிக்கும் இல்ல, நிலச்சரிவும் இல்ல, ஃபால்ட், அதாவது பூமிப் பாறை ரெண்டு பக்கமா பிரிஞ்சு உரசிக்கற பிளவு, நேர்ல உடையற காட்சியே அதுதான்.

நான் அந்த வீடியோவ எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. அத வெச்சுதான் இந்த வழிகாட்டி முழுக்க போகப்போகுது. ஏன்னா பூகம்பம்னா ஒரு புள்ளியில குண்டு வெடிச்ச மாதிரி, அங்கேந்து வட்டம் வட்டமா அலை பரவும், அப்படித்தான் நம்ம எல்லார் மண்டையிலயும் பதிஞ்சிருக்கு, நியூஸ்ல காட்டற சிவப்பு வட்டமும் அதயேதான் காட்டுது. பெரிய பூகம்பத்துக்கு அந்தப் படம் சுத்தமா தப்பு. எபிசென்டர்ங்கறது கிழிசல் ஆரம்பிச்ச இடம், அவ்வளவுதான். துணிக்கடையில துணி வெட்டறவர் ஓரத்துல கத்திரியால ஒரு சின்ன வெட்டு போட்டுட்டு சர்ர்னு கிழிப்பாரே, எபிசென்டர் அந்த வெட்டு, பூகம்பம் அந்த முழு கிழிசல்.

ஸ்டெப் 1: எந்த வகை ஃபால்ட்னு முதல்ல பாருங்க

ஸ்ட்ரைக்-ஸ்லிப்னா ரெண்டு பக்க நிலமும் மேல கீழ போகாம பக்கவாட்டுல உரசிட்டுப் போறது. சகாயிங் ஃபால்ட் மியான்மர் நடுவுல வடக்கு தெற்கா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடுது, மேற்குப் பக்கம் வடக்க பாத்துப் போகுது, கிழக்குப் பக்கம் அது கூட ஒப்பிட்டா தெற்க பாத்துப் போகுது. நீங்க எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் எதிர்ப்பக்கம் உங்க வலது கைப் பக்கமா நகரும். அதனால இது வலப்பக்க வகை, கலிஃபோர்னியா சான் ஆண்ட்ரியாஸும் துருக்கியோட வட அனடோலியன் ஃபால்ட்டும் கூட இதே ஜாதிதான்.

இந்த வகை பாக்கறது ஏன் முக்கியம்ங்கறதுக்கு சென்னைக்காரங்களுக்கு ஒரு நேரடி அனுபவம் இருக்கு. 2012 ஏப்ரல் 11, மதியம் ரெண்டு மணி தாண்டி, சுமாத்ராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில 8.6. சென்னையில ஆபீஸ்லேந்து எல்லாரும் படியில ஓடி இறங்கி ரோட்ல நின்னாங்க, சுனாமி எச்சரிக்கை வந்துச்சு, 2004 ஞாபகத்துல எல்லாருக்கும் வயித்தக் கலக்குச்சு. ஆனா பெரிய அலை வரல. ஏன்னா 2004-ல கடல் தரை மேல தூக்குச்சு, தண்ணி மொத்தமா எழும்புச்சு, 2012-ல கடல் தரை பக்கவாட்டுல நகர்ந்துச்சு. கருவியில பதிவான ஸ்ட்ரைக்-ஸ்லிப் பூகம்பங்கள்லயே பெருசு அதுதான். இதையே சட்டமா புடிச்சுக்கவும் கூடாது, 2018-ல இந்தோனேஷியாவுல பாலு ஊர்ல 7.5 ஸ்ட்ரைக்-ஸ்லிப் வந்தப்ப குறுகலான வளைகுடாவுக்குள்ள சுனாமி அடிச்சு நிறைய பேர் போயிட்டாங்க.

ஸ்டெப் 2: எவ்வளவு இழுவிசை சேந்திருக்குன்னு கணக்கு போடுங்க

1906-ல சான் ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்துல சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட் 470 கிலோமீட்டருக்கு மேல கிழிஞ்சுது, நேரா போட்டிருந்த வேலியெல்லாம் வெட்டி ஒதுக்கின மாதிரி விலகி நின்னுச்சு. ஹாரி ஃபீல்டிங் ரீட்ங்கறவர் பூகம்பத்துக்கு முந்தியும் பிந்தியும் எடுத்த நில அளவைகள ஒப்பிட்டுப் பாத்து 1910-ல சொன்னது இதுதான்: ஃபால்ட் பல வருஷமா ஒட்டிக்கிட்டே இருக்கு, ஆனா தூரத்துல இருக்கற நிலம் நகர்ந்துக்கிட்டேதான் இருக்கு, நடுவுல இருக்கற பாறை ரப்பர் மாதிரி வளையுது, ஒரு நாள் ஒட்டினது பிச்சுக்கும், வளைஞ்சது நிமிரும். நிமிரற அந்த நொடிதான் பூகம்பம்.

இப்ப சகாயிங்குக்கு கணக்கு போடுவோம். அங்க ரெண்டு பக்கமும் வருஷத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் விலகணும். மாண்டலேக்கு தெற்கே இருக்கற பகுதி கடைசியா பெருசா உடைஞ்சது 1839-ல, ஆவா பூகம்பத்துலன்னு கருதறாங்க. 1839-லேந்து 2025 வரைக்கும் 186 வருஷம், பெருக்கினா கிட்டத்தட்ட 3.7 மீட்டர் பாக்கி. வட்டி ஏறாத கடன்தான், ஆனா கட்டறப்ப ஒரே நொடியில கட்டணும். இந்த ஃபால்ட்ல 1930-ல தெற்கே பெகு பக்கம் உடைஞ்சுது, 1946-ல வடக்கே உடைஞ்சுது, நடுவுல சுமார் 260 கிலோமீட்டர் சும்மா கிடக்குதுன்னு 2011-லயே ஆய்வாளர்கள் எழுதி வெச்சாங்க, 7.9 வரைக்கும் வரலாம்னும் சொன்னாங்க. தேதி சொல்ல முடியாது, ஆனா இடத்த கரெக்டா சொன்னாங்க. உடைஞ்சப்ப அந்த 260-லயும் நிக்காம ரெண்டு பக்கமும் எல்லைய தாண்டிப் போயிடுச்சுங்கறது வேற விஷயம்.

ஸ்டெப் 3: ஏன் மெதுவா வழுக்காம திடுக்குனு பிச்சுக்குது? வீட்லயே பாருங்க

ஒரு செங்கல், கொஞ்சம் ரப்பர் பேண்ட், சொரசொரப்பான சிமெண்ட் தரை போதும். ரப்பர் பேண்ட நாலஞ்ச முடிச்சு போட்டு நீளமாக்கி, செங்கல்ல சுத்துன ஒரு சணல்ல கட்டி, நிதானமா ஒரே வேகத்துல இழுங்க. கை ஒரே சீரா போகும், செங்கல் அசையாது, ரப்பர் நீண்டுக்கிட்டே போகும், திடீர்னு ஒரு துள்ளல், மறுபடி நிக்கும். நான் மொட்டை மாடியில ஒரு இருபது தடவ இழுத்துப் பாத்தேன். ஒரு தடவ ரெண்டு விரக்கடை துள்ளும், அடுத்த தடவ ஒரு சாண், நடுவுல சும்மா ஒரு சின்ன நெளிவு, என்னைக்கும் ஒரே அளவு வரல. அடுத்த பூகம்பம் எப்போன்னு கேக்கறவங்க எல்லார் கையிலயும் இந்த செங்கல்ல குடுத்துடணும்னு தோணுச்சு.

இதுல சூட்சுமம் என்னன்னா, நின்னுட்டு இருக்கறப்ப உராய்வு ஜாஸ்தி, நகர ஆரம்பிச்சதும் கம்மி. பீரோவ தள்றப்ப முதல் அசைவுக்குத்தானே மூச்சு முட்டும், அசைஞ்சிடுச்சுன்னா அது பாட்டுக்கு போகும். பாறையில இது இன்னும் மோசம். லேப்ல பாறைய வட்டமா சுத்தவிட்டு தேய்ச்சுப் பாத்திருக்காங்க, மெதுவா தேய்க்கறப்ப உராய்வு எண் 0.6, 0.7 வாக்குல இருக்கு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குப் போனா பல பாறைகள்ல 0.2, சிலதுல அதுக்கும் கீழ சரிஞ்சிடுது, தொடற நுனிகள் நொடிக்குள்ள சூடாகி பலம் போயிடுது. வேகம் கூடினா பிடி தளரும், பிடி தளர்ந்தா வேகம் கூடும். ஆரம்பிச்சது லேசுல நிக்காததுக்கு இதுதான் காரணம்.

ஸ்டெப் 4: ரெண்டு வேகத்தையும் தனித்தனியா புடிங்க

குழப்பம் எல்லாம் இங்கதான் வருது, அதனால நிதானமா படிங்க. ஃபால்ட் உடையறப்ப ரெண்டு வேகம் இருக்கு. ஒண்ணு, ஒரு இடத்துல நிலம் எவ்வளவு வேகமா வழுக்குதுங்கறது. இன்னொண்ணு, "இங்க பிச்சுக்கிச்சு, அடுத்து அங்க பிச்சுக்கிச்சு"ன்னு கிழிசலோட நுனி ஃபால்ட் நெடுக எவ்வளவு வேகமா ஓடுதுங்கறது.

முதல் வேகத்துக்குத்தான் அந்த சிசிடிவி தங்கச் சுரங்கம். கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபிரேம் ஃபிரேமா அளந்து பாத்ததுல, அந்த இடத்துல நிலம் சுமார் 1.3 நொடியில 2.5 மீட்டர் நகர்ந்திருக்கு, உச்ச வேகம் நொடிக்கு 3.2 மீட்டர். அதாவது மணிக்கு பதினோரு பன்னெண்டு கிலோமீட்டர், சைக்கிள்ல நிதானமா போற வேகம்தான். கேக்க சாதாரணமா இருக்கு, ஆனா நகர்ந்தது ஒரு மாவட்டம்.

ரெண்டாவது வேகம் நொடிக்கு பல கிலோமீட்டர். தாஸி எபிசென்டர்லேந்து நூறு கிலோமீட்டருக்கு மேல தெற்கே இருக்கு, ஆனாலும் கிழிசலோட நுனி அரை நிமிஷ கணக்குல அங்க வந்து சேந்துடுச்சு. மொத்த 480 கிலோமீட்டரும் சுமார் ஒண்ணரை நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு.

ஜமக்காளத்த வெச்சு யோசிங்க. பெரிய கல்யாண மண்டப ஜமக்காளம், மொத்தமா புடிச்சு ஒரு அடி இழுக்கணும்னா பத்து பேர் வேணும். ஆனா ஒரு ஓரத்துல சுருக்கம் ஒண்ண உண்டாக்கி அந்தச் சுருக்கத்த தள்ளிக்கிட்டே போனா ஒரே ஆள் மறு ஓரம் வரைக்கும் கொண்டு போயிடலாம், சுருக்கம் போய்ச் சேந்தப்ப ஜமக்காளம் முழுக்க நகர்ந்திருக்கும். ஃபால்ட்டும் பெரும்பாலும் அப்படித்தான் நகருது. 480 கிலோமீட்டரும் ஒரே நேரத்துல வழுக்கல, நகர்ற பட்டை ஒண்ணு ஓடுச்சு, அதுக்கு முன்னாடி இருக்கற இடம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, பின்னாடி இருக்கற இடம் மறுபடி இறுகிடுச்சு. வீடியோவுல வழுக்கல் 1.3 நொடியில முடிஞ்சு போச்சுங்கறதுதான் இதுக்கு சாட்சி.

ஸ்டெப் 5: சூப்பர்ஷியர்

பாறைக்குள்ள ரெண்டு அலை ஓடும். பி அலை வேகமானது, நொடிக்கு சுமார் 6 கிமீ, தள்ளி இழுக்கற அலை. எஸ் அலை மெதுவானது, நொடிக்கு 3.5 கிமீ கிட்ட, பக்கவாட்டுல குலுக்கற அலை, கட்டடத்துக்கு எமன் பெரும்பாலும் இதுதான். சாதாரணமா கிழிசலோட நுனி எஸ் அலைய விட கொஞ்சம் மெதுவா, நொடிக்கு 2.5, 3 கிமீன்னு போகும். ஏன்னா அடுத்த இடத்த உடைக்கறதுக்கான சேதிய கொண்டு போறதே அந்த அலைகள்தான், தபால்காரர முந்திக்கிட்டு தபால் எப்படிப் போகும்?

ஆனா ஒரு வழி இருக்கு. ஓடற நுனிக்கு முன்னாடி, எஸ் அலையோட வேகத்துல, அழுத்தம் கூடின ஒரு மேடு போய்க்கிட்டு இருக்கும். ஃபால்ட் ஏற்கனவே உடையற நிலைக்கு கிட்ட இருந்துச்சுன்னா அந்த மேடே அங்க புதுசா ஒரு விரிசல ஆரம்பிச்சு வெச்சிடும், பின்னாடி வர்ற பெரிய கிழிசல் வந்து அது கூட சேந்துக்கும், அதுக்கப்புறம் மொத்தமும் எஸ் அலைய விட வேகமா ஓடும். படிப்படியா வேகம் கூடி இந்த எல்லைய தாண்ட முடியாது, நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அத தாவித்தான் ஆகணும். இதுக்குப் பேர்தான் சூப்பர்ஷியர்.

தாண்டினதும் வேகமா போற மோட்டார் படகுக்குப் பின்னாடி ஆப்பு மாதிரி அலை விரியுமே, அந்த மாதிரி ஒரு அதிர்வு முகப்பு ஃபால்ட்டோட ரெண்டு பக்கமும் விரியும். அதோட வம்பு என்னன்னா தூரம் போனாலும் சீக்கிரம் தணியாது.

இத எப்படி கண்டுபிடிக்கறாங்க? ஃபால்ட்டுக்கு ரொம்ப பக்கத்துல ஒரு கருவி இருக்கணும், அது அதிர்ஷ்டம்தான். மியான்மர்ல தலைநகர் நேபிடோவுல, ஃபால்ட்லேந்து மூணு கிலோமீட்டருக்குள்ள ஒரு ஸ்டேஷன் இருந்துச்சு. சாதாரண வேகத்துல கிழிசல் கடந்து போனா ஃபால்ட்டுக்கு குறுக்கு வாட்டத்துல ஆட்டம் ஜாஸ்தியா இருக்கும், சூப்பர்ஷியர்னா ஃபால்ட் போற திசையிலயே ஆட்டம் ஜாஸ்தி. நேபிடோ பதிவுல ரெண்டாவதுதான் இருந்துச்சு, தெற்கு நோக்கி ஓடின கிழிசல் நொடிக்கு 5 கிமீ வாக்குல போயிருக்குன்னு கணக்கு வருது. அலாஸ்காவுல 2002 நவம்பர் 3, டெனாலி 7.9 அப்பவும் இதே கதைதான், எண்ணெய் பைப்லைனோட ஒரு பம்ப் ஸ்டேஷன்ல, ஃபால்ட்லேந்து 3 கிமீல, கருவி இருந்ததால மாட்டிக்கிச்சு. அந்த பைப்லைன் ஃபால்ட்ட கடக்கற இடத்துல தரையில பதிக்காம வளைச்சு வளைச்சு போட்டு, வழுக்கற தாங்கிகள் மேல உக்கார வெச்சிருந்தாங்க. கீழ நிலம் நாலு மீட்டருக்கு மேல நகர்ந்துச்சு, ஒரு சொட்டு எண்ணெய் கசியல. எஞ்சினியரிங்னா அது!

ஸ்டெப் 6: கிழிசல் எங்க தாவும், எங்க நிக்கும்

மேப்ல ஃபால்ட்ட கோடு கோடா பாருங்க, நேரா இருக்கா, வளையுதா, விட்டு விட்டு இருக்கா. நேர்கோடுன்னா கிழிசலுக்கு ஹைவே கிடைச்ச மாதிரி, சகாயிங் அநியாயத்துக்கு நேரான ஃபால்ட். ஒரு ஃபால்ட் முடிஞ்சு இன்னொண்ணு தள்ளி ஆரம்பிக்குதுன்னா இடைவெளி எவ்வளவுன்னு பாருங்க, பழைய பூகம்பங்கள வெச்சுப் பாத்தா மூணு நாலு கிலோமீட்டருக்குள்ள இருந்தா தாவிடலாம், அதுக்கு மேலன்னா பெரும்பாலும் அங்கயே நின்னுடும். 1992-ல கலிஃபோர்னியா லேண்டர்ஸ்ல இப்படி தாவித் தாவி அஞ்சு ஃபால்ட் சேந்து ஒரே 7.3 பூகம்பமா ஆச்சு.

2023 பிப்ரவரி 6, துருக்கி இதுக்கு இன்னும் கொடூரமான பாடம். விடிகாலை 4:17-க்கு ஆரம்பிச்சது பெரிய கிழக்கு அனடோலியன் ஃபால்ட்ல இல்ல, பக்கத்துல ஒரு கிளை ஃபால்ட்ல. அது ஓடி வந்து மெயின் ஃபால்ட்ல முட்டுச்சு. முதல்ல வடகிழக்கா கிழிஞ்சுது, அப்புறம் தென்மேற்குப் பக்கமும், அதாவது கிட்டத்தட்ட வந்த வழியே திரும்பற திசையிலயும் கிழிஞ்சுது. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல, 7.8. கிளையிலயே நின்னிருந்தா ஒரு நடுத்தர பூகம்பத்தோட போயிருக்கும். மதியம் 1:24-க்கு வடக்கே வேற ஒரு ஃபால்ட்ல 7.5. ரெண்டும் சேத்து துருக்கியில மட்டும் 53,000 பேருக்கு மேல போனாங்க.

ஸ்டெப் 7: திசைய பாக்காம சேதத்த புரிஞ்சுக்க முடியாது

ஆம்புலன்ஸ் நம்மள நோக்கி வர்றப்ப சத்தம் கூர்மையா கேக்குமே, அந்த மாதிரி கிழிசல் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் அலையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டு வரும். மியான்மர்ல முக்கால்வாசி ஓட்டம் தெற்கே. மாண்டலேயும் சகாயிங் ஊரும் எபிசென்டர் பக்கத்துல இருந்ததால நொறுங்குச்சு, ஐராவதி மேல இருந்த பழைய ஆவா பாலம் விழுந்துச்சு, ரம்ஜான் மாசத்து கடைசி வெள்ளித் தொழுகை நேரம் வேற, மசூதிகள் இடிஞ்சு தொழுதுட்டு இருந்தவங்க மேலயே விழுந்துச்சு. ஆனா எபிசென்டர்லேந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற நேபிடோவுல ஏர்போர்ட் கண்ட்ரோல் டவர் ஏன் சாஞ்சுது? சிவப்பு வட்டத்த பாத்தா பதில் கிடைக்காது. கிழிசலே நேபிடோ வாசல் வழியா போச்சு, அந்த ஊருக்கு பூகம்பம் மூணு கிலோமீட்டர் தூரம்தான்.

ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்ல கட்டிட்டு இருந்த முப்பது மாடிக்கு மேல உள்ள கட்டடம் சரிஞ்சதுக்கு கட்டடத்தோட குறையும் ஒரு பங்குன்னு விசாரணை போச்சு, அது தனிக்கதை. ஆனா அந்த ஊர் களிமண் படுகை மெதுவா ஆடற நீள அலைகள பெருசாக்கும், உயரமான கட்டடங்களுக்கு அந்த ஆட்டம்தான் ஆகாது.

ஸ்டெப் 8: அளவு 7.7-ன்னு எங்கேந்து வருது, நீங்களே போடுங்க

ஃபால்ட் நீளம் 480 கிமீ, உடைஞ்ச ஆழம் 12 கிமீன்னு வெச்சுக்கங்க, அதுக்குக் கீழ பாறை சூட்டுல இளகி மெதுவா ஊர்ந்துக்கிட்டே இருக்கும், பிச்சுக்காது. சராசரி நகர்வு 3 மீட்டர். எல்லாத்தையும் மீட்டர்ல மாத்தி பெருக்குங்க, பாறையோட விறைப்புக்கு 3-க்குப் பின்னாடி 10 சைபர் போட்டு அதையும் பெருக்குங்க. 52-க்குப் பின்னாடி 19 சைபர் வரும். இனி பூகம்ப அளவுக்கான ஃபார்முலா: அதோட லாக் (10 அடிமானத்துல) 20.7, அதுல 9.1 கழிச்சா 11.6, 1.5-ஆல வகுத்தா 7.7. ஆழத்தையும் நகர்வையும் நான் முழு எண்ணா உருட்டித்தான் போட்டேன், இருந்தும் பக்கத்துல வந்து நிக்குது பாத்தீங்களா. உடையற ஆழம் பெருசா மாறாததால ஸ்ட்ரைக்-ஸ்லிப்ல பெரிய நம்பர் வரணும்னா நீளமா கிழியறத தவிர பெருசா வேற வழி இல்ல.

ஸ்டெப் 9: வீடியோவ இப்ப மறுபடி போடுங்க

முதல் தடவ வாசல் கேட்ட மட்டும் பாருங்க: நிலம் நகர்றதுக்கு முன்னாடியே கேட் ஆடுது, கிழிசலுக்கு முன்னாடி வந்து சேந்த அலை அது. ரெண்டாவது தடவ தரையில ஓடற கோட்ட பாருங்க, எவ்வளவு குறுகலா இருக்கு, கோட்டுக்கு பக்கத்துலயே நிக்கற பொருள் விழக்கூட இல்ல. கேமராவும் ஒரு பக்க நிலத்து மேலதான் நிக்குது, அதனால நீங்க பாக்கறது ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், கேமரா பக்கமும் நகர்ந்திருக்கு.

மூணாவது தடவ அந்தப் பக்க நிலத்துல ஏதாவது ஒரு பொருள்ல கண்ண வெச்சு அது போற பாதைய பாருங்க. நேரா போகாம லேசா வளைஞ்சு போகும். கிழிசல் நுனி கடந்து போறப்ப தரை மட்டத்துல அழுத்தம் மாறி மாறி வர்றதால அப்படி. பழைய ஃபால்ட் பாறைகள்ல இதே மாதிரி வளைஞ்ச கீறல்கள் ஏற்கனவே பாத்து வெச்சிருக்காங்க, வளைவு எந்தப் பக்கம்னு பாத்தா அந்தக் காலத்து கிழிசல் எந்தத் திசையில ஓடுச்சுன்னு சொல்லலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு. அது நிஜமாவே நடக்கறத படம் புடிச்சுக் காட்டினது இந்த வீடியோதான்.

ஸ்டெப் 10: நின்ன இடத்த குறிச்சு வெச்சுக்கங்க

கிழிசல் நின்ன முனைகள்ல அழுத்தம் குறையாது, கூடும். 1999 ஆகஸ்ட் 17 துருக்கி இஸ்மித்ல 7.6. கிழக்கு முனை நின்ன இடத்துக்கு அடுத்த துண்டு, டுஸ்ஜே, 87 நாள் கழிச்சு நவம்பர் 12-ல உடைஞ்சுது, 7.2. மேற்கு முனை மர்மரா கடலுக்கு அடியில நின்னுச்சு, அதுக்கு அந்தப் பக்கம் இஸ்தான்புல்லுக்கு தெற்கே இருக்கற துண்டு 1766-க்கு அப்புறம் பெருசா உடையல. 2025 ஏப்ரல் 23-ல அங்க ஒரு 6.2 வந்துச்சு, பாக்கிய அடைக்கற அளவு இல்ல. பெருசு வர்றப்ப அது மேற்கு ஓரத்துல ஆரம்பிச்சு இஸ்தான்புல்ல நோக்கி ஓடுமா, இல்ல ஊர் பக்கத்துல ஆரம்பிச்சு ஊர விட்டு விலகி ஓடுமாங்கறத பொறுத்து அதே ஃபால்ட், அதே அளவு பூகம்பத்துக்கு அந்த ஊர்ல ஆட்டம் வேற வேற.